கடல் கடந்து ஒரு காதர்பேட்டை

எங்கள் தாராபுரத்துக்கு இன்று வரையில் ரயில் வரவில்லை. ஈரோட்டிலிருந்து பழனிக்கு ஒரு பாதை போட்டால் போகிற வழியில் எங்கள் ஊரும் பிழைத்துப் போகும் என்று வெகு காலமாக மகஜர் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மகஜர் போகிறது, ரயில் வருவதில்லை. இங்கிலாந்தில் சமாசாரம் வேறு. லண்டனிலிருந்து ஆக்ஸ்போர்டுக்குப் போகும் வழியில் பிஸ்டர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1995-ல் அதன் ஓரத்தில் ஒரு கடைத்தெருவைக் கட்டி, அதற்குப் 'பிஸ்டர் வில்லேஜ்' என்று பெயர் வைத்தார்கள். 2015-ல் அந்த ஊரின் ரயில் நிலையத்தைப் புதுப்பித்தபோது, கடைத்தெருவின் பெயரையே நிலையத்துக்கும் சூட்டிவிட்டார்கள். அறிவிப்புகளைச் சீன மொழியிலும் அரபி மொழியிலும் செய்ய ஏற்பாடு ஆயிற்று. தமிழ்தான் பாக்கி. நம் கொங்கு நாட்டுக் குடும்பங்கள் அங்கே படையெடுக்கிற வேகத்தைப் பார்த்தால், அந்தக் குறையும் தீர்ந்துவிடும் என்றே தோன்றுகிறது.

'வில்லேஜ்' என்ற அந்தச் சொல்லை நான் பலமாக ஆட்சேபிக்கிறேன். கிராமம் என்றால் எனக்குத் தெரியும். அங்கே ஒரு கிணறு இருக்கும், ஒரு மாரியம்மன் இருப்பாள், வாய்க்கால் வரப்புத் தகராறு ஒன்று மூன்று தலைமுறையாக நடந்துகொண்டிருக்கும். இந்தக் கிராமத்தில் 150-க்கு மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. இராத்திரி படுத்துத் தூங்குவதற்கு ஓர் ஆத்மா கிடையாது. விற்கிறவனும் வெளியூர், வாங்குகிறவனும் வெளியூர். பெரிய பெரிய கம்பெனிகளின் பெயர் பொறித்த சட்டையும் கைப்பையும் பாதரட்சையும் அங்கே விலை குறைத்துக் கிடைக்கின்றன என்று கேள்விப்பட்டு, உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். இம்மாதிரிக் கடைத்தெருக்கள் இப்போது எங்கும் இருக்கின்றன. லண்டன் வரை போக வசதியில்லாத நம்மவர்களுக்காக மலேசியாவில் ஜொகூரில் 2011-லும் கெந்திங் மலையில் 2017-லும் திறந்தார்கள்.

யார் எங்கே போய் எதை வாங்கினால் உனக்கென்ன, உன் கதையைப் பார்த்துக்கொண்டு போயேன் என்று வாசகர்கள் கேட்கலாம். கதைதான் ஐயா பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் அரிசி ஆலை வைத்தவர், தென்னந்தோப்பு வைத்தவர், பனியன் கம்பெனி வைத்தவர் எல்லாரும் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டார்கள். படித்த பிள்ளைகள் பறந்து போய்விட்டார்கள். மகன் லண்டனில், மகள் பெங்களூரில், தாய் தகப்பன் தாராபுரத்தில். வருஷத்தில் பத்து நாள், இல்லாவிட்டால் பன்னிரண்டு நாள், எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடிய ஒரே சந்தர்ப்பம் இந்த வெளிநாட்டுப் பிரயாணம்தான். இதிலே இரண்டு நாள் தூக்கக் கலக்கத்தில் போகிறது. இரண்டு நாள் மாடி பஸ்ஸில் ஏறி அரண்மனையையும் கடிகாரத்தையும் படம் பிடிப்பதில் போகிறது. மிச்சத்தைக் கடைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இதைத்தான் நான் சண்டைக்கு இழுக்கிறேன்.

நானும் போய் வந்தவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகன், மருமகள், மகள், மனைவி எல்லாருமாக அந்தப் பிஸ்டருக்குப் போனோம். கடைத்தெரு சுத்தமாக இருந்தது, பூத்தொட்டிகள் அழகாக இருந்தன. குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. நான் கவனித்தது அங்கே போட்டிருந்த பெஞ்சுகளை. ஒவ்வொரு பெஞ்சிலும் வயதான தாய் தகப்பன்மார் உட்கார்ந்திருந்தார்கள். சீனாக்காரர், அரபிக்காரர், பஞ்சாபிக்காரர், எல்லா ஜாதியும் உண்டு. எல்லார் காலடியிலும் பைகள். பிள்ளைகள் ஒரு கடையிலிருந்து வெளியே வந்து, பையை வைத்துவிட்டு, "இங்கேயே இருங்க, இதோ வந்துட்டோம்" என்று அடுத்த கடைக்குள் நுழைந்து விடுகிறார்கள். ஒரு காலத்தில் பழனிப் படியடிவாரத்தில் செருப்புக்குக் காவலாகச் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுப் பெரியவர்கள் மலையேறுவார்கள். இப்போது முறை மாறிவிட்டது.

என் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் என் வேட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்க எந்தப் பக்கமுங்க?"

"தாராபுரமுங்க."

"அட! நமக்குப் பெருந்துறைங்க" என்றார். நாற்பது வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவராம். காலடியில் ஆறு பை.

"பையன் வாங்கிக் குடுக்கறானுங்க. வேண்டாங்கண்ணுன்னா மூஞ்சி சுண்டிப் போகுது. அதனால எல்லாத்துக்கும் சரி சரின்னுட்டு வாங்கிக்கறனுங்க" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்து, "ஊருக்கு வந்தா ராத்திரி திண்ணையில ஒக்காந்து ஒரு மணி ரெண்டு மணி வரைக்கும் எங்கூடப் பேசுவானுங்க. இங்க வந்து எட்டு நாளாச்சு, இன்னும் பேசலீங்க" என்றார்.

பிறகு பையிலிருந்து ஒரு பனியன் சட்டையை எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பி, கழுத்துப் பட்டையின் தையலை விரலால் நீவிப் பார்த்தார். இந்தியாவில் தயாரானது என்று சீட்டில் இருந்தது. "இது நம்மூருத் தையலுங்க" என்றார். சீட்டில் திருப்பூர் என்று எழுதியிருக்கவில்லை, எழுத மாட்டார்கள். ஆனால் இந்தியாவிலிருந்து கடல் கடக்கும் பின்னலாடையில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்துதான் போகிறது. என் ஊரிலிருந்து திருப்பூர் ஐம்பது கிலோமீட்டருக்குள். 2009-லிருந்து நாங்கள் திருப்பூர் ஜில்லாவைச் சேர்ந்தவர்களும்கூட.

இம்மாதிரிக் கடைகள் எப்படி வந்தன என்ற பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் ரெடிங் என்ற ஊர், ஒரு காலத்தில் காலுறை பின்னுவதில் பேர் போனது. நம் திருப்பூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பெரிய ஆலையின் மூலையில் 1970-ல் ஒரு கடையைத் திறந்து, தையல் பிசகியது, அளவு தவறியது, ஆர்டரில் மிஞ்சியது ஆகிய சரக்கைக் குறைந்த விலைக்கு விற்றார்கள். ஜனங்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். இது யோக்கியமான வியாபாரம். இதையே நாமும் செய்கிறோம். திருப்பூர் காதர்பேட்டையில் இருக்கிற வரிசை வரிசையான கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சியதும் செகண்ட்ஸும்தான் குவிந்து கிடக்கின்றன. அங்கே போய்ச் சட்டை வாங்குவதென்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கௌரவக் குறைவு. அதே சங்கதிக்குச் செங்கல் பாதையும் பூத்தொட்டியும் வைத்து, 'வில்லேஜ்' என்று பெயரும் வைத்துவிட்டால், கோயமுத்தூரில் விமானம் ஏறிவிடுகிறார்கள்!

விலை மலிவு என்பது அடுத்த வாதம். மலிவுதான். ஆனால் எதைவிட மலிவு? கடைகள் பெருகப் பெருக, அத்தனை கடைக்கும் மிச்ச சரக்கு எங்கிருந்து வரும்? ஆகவே, அந்தக் கடைகளுக்கென்றே தனியாக, கொஞ்சம் மட்டமான துணியில், கொஞ்சம் குறைந்த வேலைப்பாட்டில் தைக்கிற வழக்கம் வந்தது. பெரிய கடையில் ஒரு நாளும் விற்காத சட்டையின் மேல் ஒரு பெரிய விலையைப் போட்டு அதை அடித்துக் காட்டுவதும் கூடவே வந்தது. 2014 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் நால்வர் இதைப் பற்றி விசாரிக்கச் சொல்லி அந்த நாட்டு வர்த்தகக் கமிஷனுக்குக் கடிதம் எழுதினார்கள். எல்லாக் கடையும் இப்படி என்று நான் சொல்லவில்லை. அடித்த விலையைப் பார்த்து லாபக் கணக்குப் போடுகிறவர், அந்த அடிக்காத விலைக்கு அது எப்போதாவது விற்றதா என்று ஒரு வார்த்தை கேட்கலாம் என்கிறேன்.

இதற்கு நேர் எதிரான வேடிக்கையும் உண்டு. பர்பரி என்ற பிரசித்தமான ஆங்கிலக் கம்பெனி, 2018 மார்ச்சோடு முடிந்த ஓர் ஆண்டில் மட்டும் 2 கோடியே 86 லட்சம் பவுன் பெறுமான விற்காத சரக்கை அழித்ததாக அதன் கணக்கிலிருந்தே வெளிவந்தது. மலிவாகப் போனால் பெயரின் மதிப்புப் போய்விடுமாம். உலகம் காறித் துப்பவே, அந்த ஆண்டு செப்டம்பரில் அதை நிறுத்தினார்கள். கிழிசலைத் தலையணைக்குள் அடைத்துப் பழகிய வீட்டில் பிறந்தவன் நான். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆக, நாம் பணம் கொடுப்பது துணிக்கல்ல. துணிக்கே விலை என்றால் அதை அழிக்க மனம் வராது.

1932 ஜனவரியில் கொடியைக் கீழே விடாமல் அடி வாங்கிச் செத்த குமரனின் ஊர் திருப்பூர். அந்தக் காலத்தில் அந்நியத் துணியை வீதியில் போட்டுக் கொளுத்தினார்கள். இப்போது நாம் வாங்குவது அந்நியத் துணிகூட அல்ல. நம் ஊரில் பின்னி, நம் ஊரில் தைத்து, ஒரு சீட்டின் மூலம் அந்நியமாக்கப்பட்ட துணி. மூலனூரில் பருத்தி ஏலம் போடுகிறபோது விவசாயி இரண்டு ரூபாய் கூடக் கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள், அந்தச் சீட்டுக்கு வாய் பேசாமல் கொடுக்கிறார்கள்.

தைத்தவர்களுக்கு என்ன போகிறது? ஐரோப்பாவில் 29 யூரோவுக்கு விற்ற, வங்காளதேசத்தில் தைத்த ஒரு சாதாரண டீ-ஷர்ட்டைத் தொழிலாளர் நலனுக்காகப் பாடுபடுகிறவர்கள் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். கடைக்காரர் பங்கு 17 யூரோ; தைத்தவர் பங்கு 18 சென்ட். திருப்பூர்க் கணக்கு முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் விடியற்காலையில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிராமங்களில் பனியன் கம்பெனி வண்டி வந்து நிற்பதையும், சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடி வந்து ஏறுவதையும் நான் பார்க்கிறேன். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இராத்திரி திரும்பி வருகிறார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்கின் மேல் 50 சதவீதம் வரி போட்டபோது, பயந்தவர்கள் இவர்கள். பெயர் பொறித்துக்கொண்ட சீமான்கள் வேறு நாட்டுக்கு ஆர்டரை மாற்றிக்கொள்ளலாம். மூலனூர்ப் பெண் எங்கே மாற்றிக்கொள்வாள்?

சாயத்தின் கதை தனி. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். அதிலே பாசனத் தண்ணீர் நின்றதைவிடத் திருப்பூர்ச் சாயக் கழிவு நின்றதுதான் அதிகம். அணை வேண்டும் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், அணையிலிருந்து எங்களைக் காப்பாற்றுங்கள் என்று நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரையில் விவகாரம் முற்றியது. இப்போது கழிவு நீரைச் சுத்திகரித்துத் திரும்பவும் உபயோகிக்கிற முறை வந்திருக்கிறது. ஆனால் உப்பேறிய நிலத்தைச் சுத்திகரிக்கிற யந்திரம் எங்கே இருக்கிறது? லண்டனில் அந்தச் சட்டையின் நிறத்தைப் பார்த்து "என்ன கலர்ப்பா!" என்று வியக்கிற பிள்ளைக்கு, அந்தக் கலர் எந்த ஆற்றில் இறங்கியது என்று யாரும் சொன்னதில்லை.

பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அன்பு இருக்கிறது. சின்ன வயதில் தீபாவளிக்குத் தகப்பனார் எடுத்துக் கொடுத்த துணிக்குப் பதில் செய்ய வேண்டும் என்கிறார்கள். கடையைத் தவிர வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை. நமக்கோ வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை. முப்பது வயதுப் பிள்ளையிடம் "எனக்குச் சட்டை வேண்டாம் சாமி, பக்கத்தில் உட்கார்" என்று சொல்லக் கூச்சப்படுகிறோம். இந்தக் கூச்சத்தை மூலதனமாகப் போட்டுத்தான் அந்தக் கிராமம் வாழ்கிறது.

ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். பிஸ்டரில் இறங்காமல் அதே ரயிலில் இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஆக்ஸ்போர்டு வந்துவிடும். நம் உதகமண்டலத்தில் பள்ளிக்கூடம் நடத்தி, பிற்பாடு ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்து, 1886-ல் திருக்குறளையும் 1900-ல் திருவாசகத்தையும் இங்கிலீஷில் வெளியிட்ட ஜி.யு.போப் அங்கேதான் 1908-ல் அடங்கியிருக்கிறார். ஊருக்குள்ளேயே இருக்கிற செயிண்ட் செபல்கர் மயானம். மறுநாள் நானும் என் மனைவியும் போய் வந்தோம். மரங்கள் அடர்ந்த இடம். நாங்கள் இருந்த வரையில் வேறு ஒரு மனிதர் வரவில்லை. பிள்ளைகள் வரவில்லை. பெட்டிகளை நிறுத்துப் பார்த்து, எந்தப் பெட்டியிலிருந்து எதை எடுத்து எதில் வைத்தால் விமானக் கம்பெனியின் கணக்குக்குள் அடங்கும் என்று ஆராய்ந்து கொண்டிருந்தார்கள்.

தை மாசம் என் மகன் ஊருக்கு வருகிறான். ஒரு நாள் காதர்பேட்டைக்கும் ஒரு நாள் ஒரத்துப்பாளையத்துக்கும் போவதாக ஏற்பாடு. மற்ற நாளெல்லாம் வீட்டுத் திண்ணை என்று எழுதியிருக்கிறேன். அவன் சரி என்றுவிட்டான். மருமகள் மட்டும், காதர்பேட்டையில் பேரம் பேசலாமா என்று கேட்டிருக்கிறாள். தாராளமாகப் பேசலாம் என்று பதில் போட்டிருக்கிறேன்.