வெளிச்சத்தை வாங்கத் தெரிந்த நமக்கு அதைப் படிக்க மனமில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. ஏசுவதென்றாலும் முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

மகளுக்கென்று வீடு கட்டுகிறோம். வாப்பா கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்று உழைத்த காசு, உம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு எல்லாம் அந்த வீட்டுக்குள் போகிறது. கடைசியில் முன் ஹோலில் சீலிங் வேலை வருகிறது. ஜிப்சத்தில் பூ, பூவைச் சுற்றி நீலமும் ஊதாவும் மாறி மாறி எரியும் ஸ்ட்ரிப் லைட், இருபது டவுன்லைட், நடுவில் ஒரு சாண்டிலியர். குடிபுகும் நாளில் எல்லோரும் அண்ணாந்து பார்த்து “மாஷா அல்லாஹ்” என்கிறோம்.

அதே வீட்டின் குசினிக்குப் போய்ப் பாருங்கள். சுவரின் நடு உயரத்தில் ஒரேயொரு பல்ப், அதுவும் சமைக்கிறவரின் முதுகுக்குப் பின்னால். அவர் மீன் வெட்டுவது தன்னுடைய நிழலுக்குள். பிள்ளை படிக்கும் அறையில் சீலிங் ஃபேனுக்கு மேலே ஒரு லைட். ஃபேன் சுற்றச் சுற்ற அதன் நிழல் கொப்பியின் மேல் வெட்டி வெட்டி ஓடுகிறது. பிள்ளை பத்து நிமிசத்தில் கண்ணைக் கசக்கினால் “படிக்கக் கள்ளம்” என்று அடி விழுகிறது.

நான் சொல்ல வருவது இதைத்தான். நம்ம வீட்டு வெளிச்சம் வருகிற விருந்தாளிக்காகப் போடப்படுகிறது. அந்த வீட்டில் வேலை செய்கிறவருக்கும் படிக்கிறவருக்கும் வயதானவருக்கும் மிச்சம்தான் கிடைக்கிறது. இதைக் காசில்லாத குறை என்று சொல்ல முடியாது. காசு தாராளமாகவே செலவாகிறது, அறிவுதான் செலவாகவில்லை.

கணக்குப் பார்ப்போம். ஹோலில் 9 வோட் டவுன்லைட் இருபது என்றால் 180 வோட். தினமும் 5 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 27 யூனிட். பிள்ளையின் மேசைக்கு 9 வோட் விளக்கு ஒன்று, தினம் 4 மணித்தியாலம் எரிந்தால் மாதம் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம் கூடியது. அந்த நேரம் நாம் எல்லோரும் அரசாங்கத்தை ஏசினோம், சரிதான். ஆனால் யாரும் உட்காராத ஹோலில் இருபது லைட்டை எரிப்பதற்குப் பெயர் இஸ்ராப் இல்லையா? வீண்விரயம் பற்றிக் கல்யாணச் சாப்பாட்டில் மட்டும் பயான் செய்தால் போதுமா?

“வெளிச்சம் என்றால் வெளிச்சம்தானே சேர், இதில் படிக்க என்ன இருக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. பெரிய படிப்பும் இல்லை, தரம் 10 பிள்ளைக்கு விளங்கும்.

முதலாவது, வோட் என்பது எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்ற அளவு, வெளிச்சத்தின் அளவு இல்லை. வெளிச்சத்தை லூமெனில் அளக்கிறார்கள். பழைய 60 வோட் குண்டு பல்ப் தந்த ஏறக்குறைய 800 லூமெனை இன்று 9 வோட் எல்.ஈ.டி. தருகிறது. அந்த வெளிச்சம் மேசையில் எவ்வளவு விழுகிறது என்பதற்கு லக்ஸ் என்று பெயர். சர்வதேசத் தரங்கள் வகுப்பறை மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் கேட்கின்றன, நடைபாதைக்கு 100 போதும் என்கின்றன. கையிலிருக்கும் போனில் ஒரு லக்ஸ் மீற்றர் அப் போட்டால் ஏறக்குறைய அளந்துவிடலாம். இன்றிரவே பிள்ளையின் மேசையில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, தூரம். விளக்கு இரண்டு மடங்கு தூரம் போனால் வெளிச்சம் பாதியாவதில்லை, காலாகிறது. மேசைக்கு மேலே ஏழரை அடியில் தொங்கும் பல்பை இரண்டரை அடிக்கு இறக்கினால் தூரம் மூன்றில் ஒன்று, விளக்குக்கு நேர் கீழே விழும் வெளிச்சமோ ஒன்பது மடங்கு. வோட்டைக் கூட்டாமலே, பில்லைக் கூட்டாமலே!

மூன்றாவது, எல்லா வெளிச்சமும் ஒரே வேலை செய்வதில்லை. ரிச்சர்ட் கெல்லி என்ற அமெரிக்க விளக்கமைப்பாளர் 1952இலேயே இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். அறை முழுக்கப் பரவும் பொது வெளிச்சம் ஒன்று, கண் போக வேண்டிய இடத்தில் குவியும் வெளிச்சம் ஒன்று, கண்ணுக்கு இன்பமான மினுக்கம் ஒன்று. இன்று உள்ளக அலங்காரம் படிக்கிற எவரும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாம் மூன்றாவதில் தொடங்கி மூன்றாவதிலேயே முடித்துவிடுகிறோம்.

நான்காவது, நிறம். பெட்டியில் 2700K என்றிருந்தால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 6500K என்றால் நீலம் கலந்த பகல் வெள்ளை. படிக்கும் மேசைக்கும் குசினிக்கும் 4000K அளவில் நல்லது. படுக்கும் அறையில் இரவு பதினொரு மணிக்கு 6500K எரித்தால் உடம்பு பகல் என்று நினைக்கும், தூக்கம் தள்ளிப்போகும். பிறகு சுபஹுக்கு எழும்ப முடியவில்லை என்பது. இன்னொன்று, பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் பெட்டியில் இருக்கும். 80க்குக் குறைந்ததை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். பிடவைக் கடையில் துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கும் ராத்தாமாருக்கு இந்தப் பாடம் எப்போதோ தெரியும்.

ஐந்தாவது, சுவர். வெள்ளைச் சீலிங் தன் மேல் விழும் வெளிச்சத்தில் பெரும் பகுதியைத் திருப்பித் தரும். கடும் மண்ணிறப் பலகை அதை விழுங்கிவிடும். சுவருக்குக் கடும் நிறம் அடித்துவிட்டு லைட்டைக் கூட்டுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

இவ்வளவுதான் அடிப்படை. இந்த ஐந்தும் தெரிந்திருந்தால் வயரிங் பாஸ் வரும்போது, “பாஸ், லைட்டை என் முதுகுக்குப் பின்னால் போடாதீங்க, மேல் அலுமாரிக்குக் கீழே போடுங்க” என்று குசினியில் நிற்கிறவரே சொல்லியிருப்பார். ஆனால் பொயின்ட் எங்கே என்று முடிவெடுக்கும்போது அவரிடம் யாரும் கேட்பதில்லை.

பள்ளிவாசல் விசயத்துக்கு வருகிறேன். நிர்வாகிகள் கோபிக்க வேண்டாம். ஹோலின் நடுவில் பெரிய சாண்டிலியர் தொங்குகிறது, ஸப்பிலிருந்து எட்டாத உயரத்தில். அதற்குக் கீழே உட்கார்ந்து முஸ்ஹபை ஓதும் அறுபது வயது மனிதர் ஜன்னல் பக்கம் நகர்ந்து போகிறார். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகும், கண்மணி சுருங்கும். இருபது வயதுக்காரர் வாசிக்கும் இடத்தில் அவருக்கு இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் தேவை. இஸ்தான்பூலில் 1557இல் கட்டி முடித்த சுலைமானியாப் பள்ளியைப் படத்தில் பாருங்கள். அவ்வளவு உயரமான குப்பாவின் கீழே விளக்கு வளையங்கள் தொழுகிறவர்களின் தலைக்குச் சற்று மேலேயே தொங்குகின்றன. எண்ணெய் விளக்கின் சின்ன வெளிச்சம் ஓதுகிறவரின் கைக்கு வந்து சேர வேண்டும் என்றால் அதைக் கீழே இறக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்குக் கரண்ட் இருக்கிறது, அந்தப் புத்திதான் இல்லை.

டாக்காவில் மரீனா தபஸ்ஸும் என்ற பெண் கட்டடக் கலைஞர் கட்டிய பைத்துர் ரவூஃப் பள்ளியையும் பாருங்கள். குப்பா இல்லை, மினாரா இல்லை, வெறும் செங்கல். கூரையிலுள்ள சின்ன வட்டத் துளைகள் வழியே பகல் வெளிச்சம் தொழும் இடத்தில் பொட்டுப் பொட்டாக விழும். 2016இல் ஆகா கான் கட்டடக்கலை விருது அதற்குக் கிடைத்தது. அழகு என்பது விலை கூடிய சாமான் என்று யார் நமக்குச் சொல்லித் தந்தது?

பெண்கள் தொழும் பகுதியை இங்கே எழுதவே வெட்கமாக இருக்கிறது. திரைக்குப் பின்னால், மேல் மாடியில், ஒரு டியூப் லைட். ஏறும் படியில் விளக்கில்லை, இருந்தாலும் ஸ்விட்ச் கீழே மட்டும். தராவீஹ் முடிந்து கிழவிகள் கையால் சுவரைத் தடவி இறங்குகிறார்கள். வுழூச் செய்யும் ஈரத் தரையிலும் அதே இருட்டு. ஒரு சாண்டிலியரின் விலையில் இது அத்தனையையும் சரிசெய்துவிட்டு மிச்சமும் வைக்கலாம்.

“பர்தா முக்கியம், ஜன்னலைத் திறக்க ஏலாது” என்று ஒரு பதில் வரும். பர்தாவும் வெளிச்சமும் எதிரிகள் இல்லை. கெய்ரோவின் பழைய வீடுகளில் மஷ்ரபிய்யா என்ற மரச்சல்லடை ஜன்னல்கள் இதற்காகவே இருந்தன. உள்ளேயிருந்து தெருவைப் பார்க்கலாம், தெருவிலிருந்து உள்ளே தெரியாது, வெளிச்சமும் காற்றும் வரும். காலிக் கோட்டையின் பழைய வீடுகளில் நடுமுற்றம் அந்த வேலையைச் செய்தது. ஜெஃப்ரி பாவா அந்த நடுமுற்றத்தைத்தான் புதுக்கட்டடங்களுக்குள் கொண்டுவந்து உலகப் புகழ் பெற்றார். நாமோ மதில் வரை சுவரெழுப்பி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, கட்டித் திரை தொங்கவிட்டு, வெளியே சூரியன் கொளுத்தும் நண்பகலில் உள்ளே லைட் போடுகிறோம். கண்ணுக்கு மேலான உயரத்தில் நீளமாக ஒரு ஜன்னல், கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு, இதற்கு எந்த ஃபத்வாவும் தடை இல்லை.

மங்கல் வெளிச்சத்தில் வாசித்தால் கண் குருடாகும் என்று பயமுறுத்த நான் வரவில்லை, அது உண்மையும் இல்லை. கண் களைக்கும், தலை வலிக்கும், பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். அதுதான் நட்டம். கிட்டப்பார்வைக்கு, பிள்ளைகள் பகல் வெளிச்சத்தில் போதிய நேரம் வெளியே இல்லாதிருப்பது முக்கியமான ஒரு காரணம். அதனால் பாடசாலை விட்டு வந்த பிள்ளையை மூடிய ரியூசன் கொட்டிலுக்குள் மறுபடி அடைக்கும் நாமும் யோசிக்க வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒன்று. “இன்டீரியர் டிசைன்” படிக்கிறோம் என்று நிறையப் பிள்ளைகள் இப்போது சேர்கிறார்கள், சந்தோசம். ஆனால் நாலு மாதக் கோர்ஸில் கொம்பியூட்டரில் படம் வரையத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்தப் படத்திலுள்ள விளக்குக்குச் சூடில்லை, பில்லில்லை, பக்கத்தில் சுற்றும் ஃபேன் இல்லை. லக்ஸ் என்றால் என்ன, கண்கூச்சம் எப்படி வருகிறது என்று தெரியாதவர் டிசைனர் இல்லை, படம் வரைகிறவர். காசு கட்டுமுன் பாடத்திட்டத்தைக் கேளுங்கள். வெளிச்சத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள். மின்வேலை படிக்கும் தம்பிமாரும் கேளுங்கள். வயரை மட்டும் இழுக்கத் தெரிந்தவரைவிட, எங்கே இழுக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு இங்கேயும் கட்டாரிலும் மதிப்பு அதிகம்.

கடைசியாக மூன்று கோரிக்கை.

வீடு கட்டும் காக்காமார்: பிளாஸ்டர் பண்ணுமுன், குசினியில் நிற்பவரையும் மேசையில் இருப்பவரையும் அழைத்து அந்தந்த இடத்தில் நிற்கச் சொல்லி, அவர்களிடம் கேட்டு லைட் பொயின்ட் போடுங்கள்.

பள்ளி நிர்வாகிகள்: அடுத்த ஜும்ஆவுக்கு முன் பெண்கள் படிக்கட்டையும் வுழூ இடத்தையும் இரவில் ஒரு தடவை நீங்களே ஏறி இறங்கிப் பாருங்கள்.

குர்ஆன் மத்ரஸா நடத்துபவர்கள்: ஃபேனுக்கு மேலிருக்கும் லைட்டைக் கழற்றிப் பக்கத்துக்கு மாற்றுங்கள். ஒரு மணித்தியால வேலை.

குர்ஆனின் 24ஆவது அத்தியாயத்துக்கு அந்நூர் என்று பெயர். அதை மனனமாக ஓதும் பிள்ளை தன் நிழலில் இருந்து ஓதுவது நமக்கு அழகா என்று யோசியுங்கள். அல்லாஹ் நம் வீடுகளையும் கப்றுகளையும் ஒளியாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.