தொண்ணூற்றொன்பது ஆடுகள் யார் பொறுப்பில்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு கிறிஸ்தவ சேனலை ஐந்து நிமிடம் பாருங்கள். கோட்டு போட்ட ஒருவர் ஆட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். ஆடு சாதுவானது. ஆட்டுக்குப் புத்தி கிடையாது. ஒன்று பள்ளத்தில் விழுந்தால் பின்னாலேயே எல்லாம் விழும். அதனால்தான் ஆண்டவர் நம்மை ஆடு என்றார். ஆகவே கீழ்ப்படியுங்கள். யாருக்கு? மேய்ப்பருக்கு. மேய்ப்பர் யார்? கோட்டு போட்டவர்தான், வேறு யார்?

இவர் கடைசியாக ஆட்டைத் தொட்டது பிரியாணியில்தான் என்று பந்தயம் கட்டத் தயார்.

ஆட்டுக்குப் புத்தி இல்லை என்பதே முதலில் பொய். இங்கிலாந்தில் பாப்ரஹாம் ஆய்வு நிறுவனத்தில் கீத் கென்ட்ரிக் என்பவரின் குழு செம்மறி ஆடுகளைச் சோதித்துப் பார்த்து 2001-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. ஒரு ஆடு ஐம்பது ஆடுகளின் முகத்தை இரண்டு வருடத்துக்கு மேல் ஞாபகம் வைத்திருக்கிறதாம். நமக்கு அடுத்த ஃப்ளாட்காரர் முகம் ஞாபகம் இருக்கிறதா?

ஆடு மாட்டிலிருந்து விசுவாசப் பாடம் எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பைபிளே மேய்ச்சல்காரர்களின் புத்தகம். ஆபேல், யாக்கோபு, மோசே, தாவீது, ஆமோஸ் எல்லோரும் மந்தையின் பின்னால் நடந்தவர்கள். கத்தோலிக்கர்கள் பிஷப்பைத் தமிழில் ‘ஆயர்’ என்றுதான் சொல்கிறார்கள். அவர் கையில் இருக்கும் வளைந்த கோல், நம்ம ஊர் தொரட்டிக் கம்புக்கு அண்ணன். என் ஆட்சேபம் வேறு. பாடத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு ஆட்டையும் ஆட்டுக்காரரையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்களே, அதுதான்.

சந்தேகம் இருந்தால் தேனியில் பஸ் ஏறி சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் மலை. நடுவில் முல்லைப் பெரியாறு. நெல், வாழை, அப்புறம் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை. திராட்சைத் தோட்டம், மந்தை, அறுவடை என்று பைபிளுக்கு யாரோ செட் போட்டு வைத்த மாதிரி இருக்கும். ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி. பட்டி என்றால் ஊர் மட்டுமல்ல, ஆடுமாடு அடைக்கிற இடமும்தான். இராயப்பன்பட்டியில் பெரிய பனிமய மாதா கோயில் இருக்கிறது. இராயப்பர் என்பது பேதுருவுக்குப் பழைய கத்தோலிக்கத் தமிழ்ப் பெயர். என் ஆடுகளை மேய்ப்பாயாக என்று இயேசு மூன்று முறை பொறுப்பை ஒப்படைத்தாரே, அதே பேதுரு.

இந்தப் பள்ளத்தாக்கில் அறுவடை முடிந்த வயலில் ராத்திரி கிடை போடுவார்கள். ஆட்டுக்கிடை உண்டு, மாட்டுக்கிடையும் உண்டு. புலிக்குளம் மாடு, மலைமாடு என்று சின்ன உடம்பும் பெரிய ரோஷமும் உள்ள நாட்டு மாடுகள். பாலுக்காக இவற்றை யாரும் வளர்ப்பதில்லை. ராத்திரி முழுக்க வயலில் விழுகிற சாணியும் மூத்திரமும்தான் சரக்கு. நிலத்துக்காரர் அதற்குக் காசோ நெல்லோ கொடுப்பார். கிடைக்காரர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, பனியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வயலிலேயே படுத்திருப்பார். தூக்கம் என்றால் அரைத் தூக்கம். நாய் குரைத்தால் எழுந்து எண்ண வேண்டும்.

லூக்கா சுவிசேஷத்தில் கிறிஸ்து பிறந்த செய்தி முதலில் போனது இப்படி ராக்காவல் இருந்தவர்களுக்குத்தான். கிறிஸ்துமஸ் குடிலில் பஞ்சு தாடி ஒட்டி நிறுத்துகிறோமே, அந்தப் பொம்மைகளின் நிஜ வேலை இதுதான்.

காணாமல் போன ஆட்டின் கதையை ஒரு கிடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். நூறு ஆடு, ஒன்று காணோம், தொண்ணூற்றொன்பதை வனாந்தரத்தில் விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போனார் என்று முடிப்பீர்கள். அன்பு, மன்னிப்பு என்று நீங்கள் அடுத்த வரிக்குப் போவதற்குள் அவர் கேட்பார்: “அதுசரிண்ணே, மிச்ச தொண்ணூத்தொம்பதை யார்ட்ட விட்டுட்டுப் போனாரு?”

பிரசங்கிகள் இந்தக் கேள்வியைத் தொடவே மாட்டார்கள். தொட்டால் கதை இன்னும் பெரிதாகும். நூறு உருப்படியை ஒற்றை ஆள் மேய்ப்பதில்லை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், அரிவாளும் தூக்குச்சட்டியுமாய் இன்னொரு பையன். ஒருவர் தைரியமாகத் தேடிப் போகிறார் என்றால், இங்கே நிற்கிறவர்கள் மேல் அவருக்கு நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். பெயர் தெரியாத அந்த ஆட்களால்தான் அந்த ஒற்றை ஆடு வீடு திரும்புகிறது. கிடையில் ஒரு வாரம் இருந்தால் இந்தப் பாடம் தானாக வரும். ஏசி ஹாலில் வராது.

அடுத்தது கூலிக்காரர் விஷயம். ஓநாயைக் கண்டால் கூலி மேய்ப்பன் ஓடிவிடுவான் என்று யோவான் சுவிசேஷத்தில் வருகிறது. இதை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு மேய்ப்பவரை மேடையில் ஏளனம் செய்கிறவர்கள், ஆதியாகமம் 31-ம் அதிகாரத்தை ஒருமுறை புரட்ட வேண்டும். அங்கே யாக்கோபு தன் மாமனார் லாபானிடம் சண்டை போடுகிறார். இருபது வருடம் உழைத்தேன், பகலில் வெயில், ராத்திரியில் குளிர், கண்ணில் தூக்கம் இல்லை, மிருகம் அடித்ததையும் என் கணக்கில் எழுதினாய், பத்து முறை என் சம்பளத்தை மாற்றினாய் என்று பொரிந்து தள்ளுகிறார். சொல்லுங்கள், இது பக்திப் பாடமா, தொழிற்சங்கக் கோரிக்கை மனுவா? ‘நல்ல மேய்ப்பன்’ பற்றிக் கேட்ட பிரசங்கங்களை உங்களால் எண்ண முடியாது. யாக்கோபின் கூலி பாக்கி பற்றி எத்தனை கேட்டிருக்கிறீர்கள்?

இந்தப் பழக்கம் ஆதியிலேயே தொடங்கிவிட்டது. களத்தில் பிணையடிக்கும்போது மாட்டுக்கு வாய்க்கூடை போடாதே என்று மோசேயின் சட்டத்தில் ஒரு அருமையான விதி. உழைக்கிற மாடு நாலு கதிர் தின்றால் தின்னட்டும். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது இதை எடுத்து, கடவுளுக்கு மாட்டைப் பற்றியா கவலை என்று கேட்டு, சுவிசேஷ ஊழியர்களின் பிழைப்புக்கான ஆதாரமாக மாற்றிவிட்டார். அந்த உரிமையைத் தான் பயன்படுத்தவில்லை என்று அவர் அதே இடத்தில் சொல்லவும் செய்தார். அதை வசதியாக மறந்துவிட்டார்கள். மாட்டுக்குப் போட்ட சட்டம் காணிக்கைப் பெட்டிக்குப் போய்விட்டது. கடவுளுக்கு மாட்டைப் பற்றிக் கவலை இல்லை என்றால் யோனா புத்தகம் ஏன் நினிவேயின் மாடுகளைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிகிறது? ஓய்வு நாளில் மாடும் வேலை செய்யக் கூடாது என்று பத்துக் கட்டளையிலேயே ஏன் இருக்கிறது?

சரி, கம்பத்துக்கு வருவோம். ஜூனில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்து 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் நாற்று நட ஆரம்பித்தால் மாடு கால் வைக்க இடம் கிடையாது. மலைக்குத்தான் போக வேண்டும். காலங்காலமாகப் போனார்கள். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச்சில், மேகமலை மேய்ச்சல் பற்றிய வழக்கில், தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் கால்நடை மேயத் தடை என்றது சென்னை உயர் நீதிமன்றம். அதே மாதத்தில் அதை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. மேகமலையில் மேய்த்தவருக்கு இந்தச் சுருக்கத்தால் என்ன லாபம்? அவருடைய மலையே காப்பகத்துக்குள்தானே இருக்கிறது.

காட்டின் பக்கமும் நியாயம் இருக்கிறது. வைகை பிறக்கிற மலை அது. கணக்கில்லாமல் மாடு ஏறினால் மரக்கன்று தப்பாது. நாட்டு மாட்டின் நோய் காட்டு மாட்டுக்குத் தொற்றும். அதற்காக, எத்தனை மாடு, எந்த மாதம், எந்தச் சரிவு என்று கணக்குப் போட்டு அனுமதிப்பதை விட்டுவிட்டு ஒட்டுமொத்தமாகக் கதவை அடைப்பது என்ன நிர்வாகம்? அதே மேகமலையில் டீ எஸ்டேட் இருக்கலாம், மாடு இருக்கக் கூடாதா? 2006-ன் வன உரிமைச் சட்டம், பருவத்துக்குப் பருவம் வந்து போகிற மேய்ச்சல்காரர்களின் உரிமையையும் பேசுகிறது. ஆனால் பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அங்கே காட்டை நம்பி வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். தாத்தா காலத்திலிருந்து மாட்டின் பின்னால் நடந்தவரிடம் என்ன பேப்பர் இருக்கும்?

இப்போது உங்களைக் கேட்கிறேன். நீங்கள் போகும் சர்ச்சில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டீர்களா? 2013-ல் போப் பிரான்சிஸ், குருக்கள் மேல் ஆட்டு வாசம் அடிக்க வேண்டும் என்றார். உலகம் முழுக்கக் கை தட்டினார்கள். இங்கே நிஜமாகவே ஆட்டு வாசம் அடிக்கிற மனிதர் வனத்துறை செக்போஸ்ட்டில் நிற்கிறார்.

அவர்களில் பெரும்பாலோர் எங்கள் சபையார் இல்லையே என்பீர்கள். இந்தத் தொழுவத்தில் இல்லாத வேறு ஆடுகளும் எனக்கு உண்டு என்ற பொருளில் இயேசு பேசுவது அதே ‘நல்ல மேய்ப்பன்’ அதிகாரத்தில்தான்.

இதைப் படித்துவிட்டு இந்து வாசகர்கள் கைதட்ட வேண்டாம். மார்கழி முழுக்க ஆயர்பாடி பற்றிப் பாடிவிட்டு, தெருவில் மாடு குறுக்கே வந்தால் ஹாரன் அடிப்பவர்கள்தான் நாமும்.

நல்ல உதாரணம் இல்லாமல் இல்லை. கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழு என்று ஒன்று இருக்கிறது. அங்கே கும்பிடுவது மாட்டைத்தான். மாட்டுப் பொங்கலுக்கு ஜனம் அலைமோதும். பக்கத்து திண்டுக்கல் மாவட்டத்தில் ஜனவரி 17 வாக்கில் வனத்து அந்தோணியார் திருவிழா. எகிப்துப் பாலைவனத்துத் துறவி, கால்நடைகளுக்குப் பாதுகாவலர். மாட்டுக்கு மாலை போட்டுக் கோயில் வாசலுக்கு ஓட்டி வருவார்கள். சாமியார் வந்து அதன் தலையில் தீர்த்தம் தெளிப்பார். நீங்கள்தான் அந்த மாடு என்று யாரிடமும் சொல்ல மாட்டார். மாடு தலையை உதறும், அவ்வளவுதான். எனக்கு இது ஆயிரம் பிரசங்கத்தை விடப் பிடித்திருக்கிறது.

சபைகளுக்கும் மடங்களுக்கும் எத்தனையோ ஊரில் வயல் இருக்கிறது. அடுத்த அறுவடை முடிந்ததும் ஒரு கிடைக்காரரைக் கூப்பிடுங்கள். ராத்திரிக்கு இவ்வளவு என்று நியாயமாகப் பேசி, பேசியதை மாற்றாமல் கொடுங்கள். படுக்க ஒரு திண்ணை, குடிக்கத் தண்ணீர். மேய்ச்சல் அனுமதி கேட்டு மனு எழுதத் தெரியாமல் நின்றால், சர்ச் ஆபீஸில் கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருவன் இருப்பான், அவனை டைப் அடித்துத் தரச் சொல்லுங்கள். காலையில் வயல் முழுக்கப் புழுக்கை கிடக்கும். தயவுசெய்து அதை வைத்து அடுத்த ஞாயிறு பிரசங்கம் செய்துவிடாதீர்கள்.