சோழர் கடற்படையும் கொஞ்சம் பஞ்சும்



ஒரகடம் பக்கம் ஒரு கார் ஃபேக்டரிக்கு சாஃப்ட்வேர் வேலையா போயிருந்தேன். அங்க ஷவர் டெஸ்ட்னு ஒண்ணு. கட்டி முடிச்ச காரை உள்ள விட்டு நாலாபக்கமும் தண்ணி பீய்ச்சி அடிக்கறாங்க. அன்னிக்கு ஒரு வண்டி டிக்கியில ஒரு கரண்டி தண்ணி இறங்கிருச்சு. அதுக்கு அரை மணி நேரம் மீட்டிங்! கடைசியில பார்த்தா ரப்பர் பீடிங் சரியா உட்காரலை. மாத்தினாங்க, வண்டி கிளம்பிருச்சு.

எனக்கு ஒரு சந்தேகம். ரப்பரே இல்லாம, பலகையா அடுக்கிக் கட்டின மரக்கப்பல்ல தண்ணி எப்படி இறங்காம இருந்துச்சு?

தேக்குத் தளம் போட்ட பாய்மரப் படகையே எடுத்துக்குவோம். தேக்குல இயற்கையாவே எண்ணெய் இருக்கு. சீக்கிரம் உளுத்துப் போகாது, மத்த மரம் மாதிரி ரொம்ப உப்பிச் சுருங்கவும் செய்யாது. ஆனா தேக்கு மட்டும் தண்ணியைத் தடுத்துடாது. ரெண்டு பலகைக்கு நடுவுல இருக்கற இடுக்குல பஞ்சுத் திரியை உளி வச்சுத் தட்டி இறக்கி, மேல கீல் ஊத்தி அடைக்கணும். இதுக்கு நம்ம கடற்கரையில பேர் கலப்பத்து. கம்மியா அடிச்சா ஒழுகும், ஓவரா அடிச்சா பலகையே விலகும். அளவு கைக்குத்தான் தெரியும்.

அதோட விட்டுச்சா? வெயில்ல பலகை காஞ்சு இடுக்கு விடாம இருக்க தளத்து மேல கடல் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். மழைத்தண்ணி தேங்கினா மரம் அழுகும், உப்புத்தண்ணி காப்பாத்தும்! கார், ஃபேக்டரி கேட்டைத் தாண்டும்போதே முடிஞ்ச பொருள். மரக்கப்பலுக்கு கடைசி வரைக்கும் கை தெரிஞ்ச ஆள் கூடவே இருக்கணும்.

அந்தக் கை நம்மாளுங்ககிட்ட இருந்துச்சுங்க. யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில கட்டின 89 அடி 'அன்னபூரணி அம்மாள்' கப்பலை வில்லியம் ராபின்சன்னு ஒரு அமெரிக்கர் விரும்பி வாங்கினார். சாதாரண ஆள் இல்லை, 1928-31ல சின்னப் பாய்மரப் படகுல உலகத்தையே சுத்தி வந்தவர். வல்வெட்டித்துறை மாலுமிகள் சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியா ஓட்டிப் போய் 1938 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட குளோஸ்டர் துறைமுகத்துல சேர்த்தாங்க.

இப்ப என் ஆதங்கம். 1025ல ராஜேந்திர சோழன் கடாரம் மேல படையனுப்பினதைப் பத்தி யாராவது எழுதினா எல்லாரும் புல்லரிக்கறோம். நானும்தான் :-) ஆனா கலப்பத்துங்கற வார்த்தையே எனக்கு போன மாசம்தான் தெரியும். அந்தக் கப்பல்களையும் யாரோ இடுக்கு இடுக்கா அடைச்சுத்தானே அனுப்பியிருப்பாங்க?

"இரும்பும் ஃபைபரும் வந்தப்புறம் இதெல்லாம் எதுக்குப்பா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். மியான்மர் 2014லயே தேக்கு மரத்தடி ஏற்றுமதியை நிறுத்திருச்சு, தேக்கு விலை நமக்குத் தெரிஞ்சதுதான். எல்லாரும் மரக்கப்பலுக்குத் திரும்பணும்னு நான் சொல்லலை. ஃபேக்டரியில ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்கணும்ங்கறது வரைக்கும் எழுதி வச்சிருக்கோம். திரியை எவ்வளவு அடிக்கணும்ங்கறது ஓடாவி கையில இருக்கு. அவர் போனா அதுவும் கூடவே போயிரும்.

அதனால தூத்துக்குடி பக்கம் போறவங்க, தோணி வேலை பார்த்த பெரியவர் யாராவது கிடைச்சா பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க, வீடியோ எடுங்க. முக்கியமா, அவரோட அன்னிக்குக் கூலியைக் கையில குடுத்துட்டு எடுங்க. பெருமை பேசறதை அப்புறம் வச்சுக்கலாம்.