பவர் ஸ்டேஷன்னா நெய்வேலி மட்டும் இல்லீங்க

எங்க கடலூர் மாவட்டத்துல பவர் ஸ்டேஷன்னு சொன்னா, 1962லேர்ந்து கரண்ட் எடுக்குற நெய்வேலிதான் ஞாபகத்துக்கு வரும். இப்ப அதே பேர்ல கைப்பிடி வச்ச பொட்டி ஒண்ணு விக்கிறாங்க. உள்ளே லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் அடக்கம். எதை வாங்குறதுன்னு எனக்கும் சிதம்பரத்து மச்சானுக்கும் ரெண்டு வாரமா ஃபோன்ல சண்டை.

மச்சான் கட்சி: "வாங்குறதுதான் வாங்குற, 2000 வாட்டா வாங்கு மாப்ள. ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாம் ஓடணும்ல."

என் கட்சி: 500 வாட்-ஹவர் போதும். ஆனா கூடவே சோலார் பேனல் கண்டிப்பா வேணும்.

ஏன்னு சொல்றேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். கம்பமெல்லாம் படுத்துடுச்சு. எங்க தெருவுக்கு கரண்ட் வர 12 நாள் ஆச்சு. வீட்டுல 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியோட இன்வெர்ட்டர் இருந்துச்சு. முத நாள் ராத்திரி ஃபேன் போட்டு ஜம்முனு தூங்கினோம். விடியக்காலையில கீ...ன்னு கத்திட்டு கண்ணை மூடினதுதான், அப்புறம் அது வெறும் முக்காலி. அம்மாவுக்கு ஆஸ்துமா. நாலாம் நாள் ராத்திரி மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. அம்மாவையும் நெபுலைசரையும் வண்டியில வச்சுக்கிட்டு ஜெனரேட்டர் சத்தம் கேட்ட கல்யாண மண்டபத்துக்கு ஓடினேன். ஒண்ணும் கேக்காம பிளக் பாயிண்டைக் காட்டின அந்த வாட்ச்மேன் நல்லா இருக்கணும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நெபுலைசர் 150 வாட்னே வச்சுக்குவோம். கால் மணி நேரத்துக்கு 40 வாட்-ஹவர் கூட ஆகாது. அதுக்குத்தான் அந்த ஓட்டம்!

மச்சான் குழம்புறது இங்கதான். வாட்ங்கிறது குழாயோட அகலம். வாட்-ஹவர்தான் டேங்க். எவ்வளவு பெரிய டேங்கா இருந்தாலும் ரொப்ப வழியில்லன்னா மூணாம் நாள் காலி. 100 வாட் பேனல் நல்ல வெயில்ல சுமாரா 400 வாட்-ஹவர் தரும். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் எட்டு மணி நேரம் ஓட 240. மிச்சத்துல லைட்டு, செல்ஃபோன், நெபுலைசர். புயலுக்கு மறுநாள் மூட்டமா இருந்தா பொட்டியில இருக்குறதை வச்சு ஓட்டிக்கலாம்.

இன்னொண்ணு, கனம். 2024ல ஃபெஞ்சல் புயல் போன கையோட சாத்தனூர் தண்ணி தென்பெண்ணையில வந்துச்சே, அப்ப பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி அப்படியே முழுகிடுச்சு. அம்பது கிலோவை யார் தூக்குறது? சின்னப் பொட்டின்னா பரண்ல ஏத்திடலாம்.

மச்சான் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. தினப்படி ஒரு மணி நேர கட்டுக்கு பழைய இன்வெர்ட்டர்தான் மலிவு. கூப்பிட்டா ஆள் வந்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்திட்டுப் போறார். இந்தப் பொட்டி கெட்டா அப்படி யார் வருவா? அதனால அதைத் தூக்கிப் போடலை. ஒரு ஹெச்பி மோட்டார் ஸ்டார்ட்டாகும்போது இழுக்குற இழுப்புக்கு ரெண்டுமே ஆகாது. புயல் சேதி வந்ததும் டேங்கை ரொப்பிடணும், அவ்ளோதான்.

(அமெரிக்காவுலேர்ந்து கொண்டு வரேன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. அங்க 120 வோல்ட். 160 வாட்-ஹவருக்கு மேல பிளேன்லயும் ஏத்த மாட்டாங்க.)

சனிக்கிழமை மச்சான் வர்றார். ரெண்டு பேரும் கடைக்குப் போறோம். அம்மாவோட நெபுலைசரையும் பையில எடுத்து வச்சிருக்கேன், அங்கேயே சொருகிப் பாக்க.