முள்ளா, திரையா?

என் பழைய மாணவன் ஒருவன் வயலை அடகு வைத்து மகனை விமானி ஆக்கப் பார்க்கிறான். போன வாரம் வண்ணார்பேட்டையில் பார்த்தபோது கேட்டான்: "சார், ஒரு இடத்துல பழைய முள் மீட்டர் வச்ச செஸ்னா. இன்னொரு இடத்துல எல்லாம் திரை. திரைதான நல்லது?" பக்கத்தில் நின்றவர் முந்திக்கொண்டார்: "முள்ளெல்லாம் காயலான் கடைக்குப் போயாச்சு!"

இந்தப் 'போயாச்சு'க்குத்தான் இந்தப் பதிவு. நான் விமானி அல்ல, வாத்தியார். ஆனால் இது கற்பித்தல் பற்றிய கேள்வி.

மேகத்துக்குள் போனால் நம் உடம்பே பொய் சொல்லும். வேகம், சாய்வு, உயரம், திருப்பம், திசை, ஏற்ற இறக்கம் என்று ஆறு வட்டங்களை மாறி மாறிப் பார்த்து, விமானம் எப்படி நிற்கிறது என்பதை மாணவனே மனதில் கட்ட வேண்டும். பாபநாசம் அணை 120 அடி என்று பேப்பரில் போட்டால் நம் சம்சாரி என்ன கேட்கிறார்? "ஏறுதா, இறங்குதா?" முள் அதைத்தான் காட்டுகிறது. திரையும் காட்டும், மறுக்கவில்லை. ஆனால் கணக்கை அதுவே போட்டு விடையை நீட்டிவிடும். விடையைப் பார்த்து எழுதியவன் கணக்கு படித்தவனா?

முள் பொய் சொல்லாதா என்பீர்கள். சொல்லும். 1978 ஜனவரி 1, பம்பாயில் கிளம்பிய ஏர் இந்தியா 747. கேப்டனின் சாய்வு காட்டி பழுதாகித் தவறாகக் காட்டியது. மற்ற கருவிகளைக் கொண்டு விமானத்தைச் சரிசெய்யவில்லை. கடலில் விழுந்து 213 பேர் போனார்கள். ஒன்றை நம்பாமல் இன்னொன்றோடு ஒத்துப்பார்க்கும் பழக்கம்தான் அங்கே தேவைப்பட்டது. தனித்தனி வட்டங்களில் பழகுகிறவனுக்கு அது தினசரி வேலை. ஒரே திரையில் எல்லாம் ஒரே குரலில் பேசும்போது சந்தேகம் எங்கிருந்து வரும்?

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010-இல் சிறு விமானங்களை ஆராய்ந்தது. திரை உள்ளவற்றில் மொத்த விபத்து வீதம் குறைவு. உயிர்ச்சேத விபத்து வீதமோ அதிகம். திரைக்கென்று தனிப் பயிற்சி வேண்டும் என்றும் சொன்னது.

நாளை அவன் ஓட்டப்போவது ஏர்பஸ்தான், அதில் திரைதான். சரி, கடைசி மணிநேரங்களைத் திரையில் பழகட்டும். லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டுமே, இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

மாணவனிடம் சொல்லி அனுப்பினேன்: பணம் கட்டும் முன் அங்குள்ள பயிற்றுநரிடம் ஒன்று கேள். பறக்கும்போது திரையை அணைத்துவிட்டு என் பையனை எத்தனை மணி நேரம் ஓட்ட வைப்பீர்கள்?