கோடாலி வீச்சும் கோல்ப் தடியும்



விறகு கொத்துவது முன்பு பல வீடுகளில் ஆண்களின் வேலை. 2009இன் பின் மீள்குடியேறிய எத்தனையோ வீடுகளில் அதையும் பெண்களே செய்கிறோம். இரவானால் நாரிப்பிடிப்பு, தோள்மூட்டு நோ. "எனக்குப் பலம் காணாது" என்று சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் குறை பலத்தில் அல்ல, வீச்சில்தான்.

இதை விளங்கிக்கொள்ள கோல்ப் விளையாட்டைப் பார்ப்போம். கொழும்பில் 1879இலேயே கழகம் தொடங்கிய, வசதியுள்ளோரின் விளையாட்டு. எமக்கும் அதற்கும் வெகுதூரம்தான். ஆனால் தேர்ந்த வீராங்கனை ஒருவர் அடிக்கும்போது தடியின் முனை மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர் வேகத்தில் பாய்கிறது. அவரது கைகள் அதில் பாதி வேகத்தில்கூடப் போவதில்லை! பிரித்தானியாவில் 1968இல் கொக்ரன், ஸ்ரொப்ஸ் என்ற இருவர் வெளியிட்ட நூல் இதை 'இரட்டை ஊசல்' என்று விளக்கியது.

இரண்டு தடிகளை நுனிக்கு நுனி கயிற்றால் பிணைத்து, ஒன்றைப் பிடித்து வீசிப் பாருங்கள். மற்றத் தடி முதலில் பின்தங்கி வரும். பிறகு, கை வேகம் தணியும் வேளையில், சட்டென்று வெளியே பாயும். கையிலுள்ள தடிதான் எமது புயம். கயிற்று முடிச்சு மணிக்கட்டு. பாய்கின்ற தடி கோல்ப் தடி. வீராங்கனைக்கு முதலில் இடுப்புத் திரும்பும், பின் தோள், பின் கை, கடைசியில்தான் மணிக்கட்டு விரியும். உடம்பு திரட்டிய வேகம் முழுவதும் அப்போது முனைக்குப் போய்ச் சேரும். மணிக்கட்டு முந்தி விரிந்தால் அந்த வேகம் வழியிலேயே வீணாகிவிடும்.

கோடாலிக்கும் இதே கணக்குத்தான். அதன் பாரமும் கீழ்நோக்கி இழுப்பதால் எமக்கு இன்னும் வசதி. ஒரு கை பிடியின் அடியில் இருக்கட்டும். மற்றக் கையை இரும்புக்குக் கிட்டப் பிடித்துத் தூக்குங்கள். இறக்கும்போது அந்தக் கை வழுகி அடிக்கைக்கு வரட்டும். நாரியை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தணியுங்கள். பிடியை நெரித்துப் பிடித்தால் மணிக்கட்டு இறுகிவிடும், நோவுதான் மிச்சம்.

குற்றியை வெறும் நிலத்தில் வைக்காதீர்கள். முழங்காலுக்குச் சற்றுக் குறைந்த உயரமான அடிக்கட்டையொன்றின் மேல், உங்களுக்கு எட்டிய பக்கமாக வையுங்கள். குறி தவறினாலும் கோடாலி கட்டையில் இறங்கும், காலில் அல்ல. கால்களை அகட்டி நில்லுங்கள். ஆப்பு தளர்ந்த கோடாலியைத் தொடவே வேண்டாம். தோளிலோ முதுகிலோ எறிகணைத் துண்டு உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் கோடாலி தூக்கக் கூடாது.