ஆறு ஆட்டம் போதுமா?

ஐபிஎல் தொடங்கி மூன்று ஆட்டம் முடிவதற்குள் ஒரு பந்துவீச்சாளரை ஓரங்கட்டச் சொல்வது அநியாயம். சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டி நடராஜனையே பாருங்கள். 2016 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) யார்க்கர்களால் பெயர் வாங்கியவர். 2017இல் பஞ்சாப் அணி 3 கோடி கொடுத்து எடுத்தது. ஆறு ஆட்டம், 2 விக்கெட். அடுத்த இரண்டு சீசனும் ஹைதராபாத் அணியில் பெஞ்சு. 2020இல் 16 விக்கெட், அதே ஆண்டு இந்திய அணி! அந்த யார்க்கர் புதிதாக முளைத்ததல்ல. ஆறே ஆட்டத்தில், நழுவிய ஒரு கேட்ச்கூட விக்கெட் கணக்கை மாற்றிவிடும். கள்ளக்குறிச்சியில் டென்னிஸ் பந்து வீசும் பையன்களையும் ஒருநாள் தேர்வில் கழித்துவிடாதீர்கள்; உள்ளூர்ப் போட்டிகளில் மூன்று வருடமாக எப்படி வீசினார்கள் என்று விசாரியுங்கள்.